பெட்டிக் கோட்டும் வீட்டுக் கோட்டும்

இடது கையின் கட்டைவிரல் கைக்குழியின் விளிம்பை அழுத்திப் பிடித்திருக்க, வலது கை குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டே வந்தது. கோட்டில் கை வைப்பதுதான் கஷ்டமான இடம். கைத்துணியின் சுற்று, குழியின் சுற்றைவிட எப்போதும் ஓர் அங்குலத்துக்கு மேல் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதலைச் சுருக்கம் தெரியாமல் தோள் முனைக்குள் கரைத்துவிட வேண்டும். பதினோரு ஊசிகள் ஒழுங்காக இறங்கின. பன்னிரண்டாவதில் கைகள் நின்றன. துணி ஒரு நூல் அளவுக்குக் கோணியிருந்தது. பதினொன்றையும் உருவிவிட்டு, கைகள் மறுபடி முதலிலிருந்து தொடங்கின.

"தங்கச்சி, தலைய நிமிர்த்த மாட்டியா? எவ்வளவு நேரமா நிக்கிறேன்."

கடைவாசலில் வைத்திலிங்கம் நின்றிருந்தார். சவரியம்மாள் வாயிலிருந்த ஊசியை எடுத்துத் திண்டில் குத்திவிட்டு எழுந்தாள்.

"உள்ள வாங்கண்ணே. நின்னது தெரியல."

சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை ட்ரம்பெட் வைத்திலிங்கத்தைத் தெரியாதவர்கள் குறைவு. கடலூர் முதுநகரில் விடிவெள்ளி பேண்டு என்று ஒன்று இருந்தது. பன்னிரண்டு பேர். அதில் வாசித்துக்கொண்டிருந்தவரைச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். சினிமாப் பாட்டுகளுக்கு இருபத்திரண்டு வருஷம் வாசித்தார். பஸ்ஸில் எந்தப் பாட்டில் ட்ரம்பெட் கேட்டாலும், "இது நம்ம ஆளு" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்வது இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு வழக்கமாகிவிட்டது. அதில் பாதி அவர் வாசித்ததாக இருக்காது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊரோடு வந்து கீரப்பாளையத்தில் வீடு கட்டினார். ஒன்பது பேரைச் சேர்த்து மறுபடி ஒரு செட் ஆரம்பித்தார். சுவரொட்டியில் அவர் படம் ஆளுயரத்துக்கு இருக்கும். கீழே 'வைத்திலிங்கம் பார்ட்டி' என்று போட்டிருக்கும். ஒன்பது பேரில் ஒருவர் பேரும் இருக்காது.

"முதுநகர் மாதா கோயில் தேருக்கு முன்னாடி நம்ம செட்டு. இன்னும் பதினெட்டு நாள் இருக்கு" என்றார் வைத்திலிங்கம். "கருநீலத் துணி எடுத்தாந்திருக்கேன். ஒம்பது கோட்டு. சின்னது மூணு, நடுத்தரம் மூணு, பெருசு மூணு. முதுகுல ஜரிகையில என் பேரு. எனக்கு வேணாம், நான் வெள்ள சூட்டுல முன்னாடி நின்னுக்குறேன்."

"யார் யாருக்கு என்ன அளவுண்ணே?"

"யாரு வர்றாங்களோ அவுங்களுக்கு. பெட்டியில போட்டு வச்சிக்கிறேன். அன்னன்னிக்கு எடுத்துக் குடுத்தாப் போதும்."

சவரியம்மாள் துணியை வாங்கி வைத்துக்கொண்டாள். ஆர்டர் நோட்டில் எழுதும்போது 'பெட்டி' என்ற சொல்லை நிறுத்தி எழுதினாள்.

பேண்டு கோட்டில் இரண்டு வகை உண்டு என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பெட்டிக் கோட்டு செட்டு முதலாளியுடையது. ட்ரங்குப் பெட்டியில் மடித்துக் கிடக்கும். கல்யாணத்துக்கோ ஊர்வலத்துக்கோ அன்றைக்குக் கிடைத்த ஆட்களை அழைத்துவந்து, ஆளுக்கொன்றை எடுத்து நீட்டுவார்கள். ஒருவனுக்குக் கை விரலை மூடும், இன்னொருவனுக்கு மணிக்கட்டுக்கு மேலே நிற்கும். சாயங்காலம் வேர்வையோடு திரும்பப் பெட்டிக்குப் போய்விடும். வீட்டுக் கோட்டு அப்படியில்லை. அதை ஆளை நிறுத்தி அளவெடுத்துத் தைக்கிறார்கள். போட்டவர் வீட்டுக்கு எடுத்துப்போய், துவைத்துக் காயவைத்து, அடுத்த நிகழ்ச்சிக்கு அதோடு வருவார். விடிவெள்ளியில் பன்னிரண்டும் வீட்டுக் கோட்டு. அவற்றைத் தைத்தவள் சவரியம்மாள்.

அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்துக் கோட்டு தைக்க வந்ததில்லை. கிள்ளையில் பிறந்தவள், எட்டாவதோடு படிப்பு நின்றது. அவளைக் கட்டிக்கொண்டு வந்த சின்னையன் விடிவெள்ளியில் பெரிய டிரம் அடிப்பவர். அப்போது அவள் பள்ளிக்கூட சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். கோட்டு தைக்கப் பாண்டிச்சேரிக்குப் போக வேண்டுமென்று பேண்டுக்காரர்கள் பேசிக்கொண்டபோது, பழைய போலீஸ் பேண்டு கோட்டு ஒன்றை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைத் தையல் தையலாகப் பிரித்தாள். எந்தத் துண்டு எந்தத் துண்டின்மேல் ஏறியிருக்கிறது, காலருக்குள் கேன்வாஸ் எந்தச் சாய்வில் கிடக்கிறது என்று பார்த்துவிட்டு, திரும்பச் சேர்த்துத் தைத்தாள். நான்கு தடவை பிரித்து நான்கு தடவை சேர்த்தாள். ஐந்தாவதாகத் தைத்தது சின்னையனின் கோட்டு.

அதில்தான் ஒன்று தெரிந்தது. நின்றபடி கச்சிதமாக இருந்த கோட்டு, டிரம்மை மாட்டியதும் மார்பில் தூக்கிக்கொண்டது. அன்றிலிருந்து வாத்தியத்தைக் கையில் கொடுத்துத்தான் அளவெடுப்பாள். ட்ரம்பெட் வாசிப்பவர் முழங்கையைத் தூக்குவார். கை நீளம் ஒன்றரை அங்குலம் கூட வேண்டும். கிளாரினெட் வாசிப்பவரின் முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும். தோளில் பித்தளைப் பெரிய குழல் சுமப்பவருக்கு இடது மார்பில் பொத்தான் வைத்தால் உரசும். உலர்த்தப் போட்ட கோட்டைப் பார்த்தே அது எந்த வாத்தியம் என்று அவள் சொல்லிவிடுவாள். பெட்டிக் கோட்டுக்கு இதெல்லாம் தேவையில்லை. அதனாலேயே அதைத் தைக்க அவளுக்குப் பிடிக்காது.

சின்னையனுக்கு இப்போது அறுபத்தெட்டு. விடிவெள்ளி கலைந்து வருஷங்கள் ஆகிவிட்டன. கடையில் இஸ்திரி மேஜை அவருடையது. ஆர்டரைக் கேட்டதும் சிரித்தார்.

"பாத்தியா? நான்தான் சொன்னேனே. அது பேண்டு இல்ல. ஒரு ஆளும் ஒம்பது கூலியும்."

"வாசிப்பு நல்லாத்தான இருக்குங்கறாங்க?"

"வாசிப்பு நல்லாருந்தா பேண்டாயிடுமா? ரேடியோவும்தான் நல்லா வாசிக்குது."

மூன்று வருஷமாக டீக்கடையிலும் இதே பேச்சுதான். விடிவெள்ளியின் பழைய ஆட்கள் ஒரு பக்கம்: வைத்திலிங்கம் இருந்த பேண்டு ஒன்றுதான், அது முடிந்துபோனது, இது அவர் பேரை வைத்து ஓட்டுகிற வண்டி. மற்றவர்கள் இன்னொரு பக்கம்: மூன்று வருஷம் சேர்ந்து வாசித்தவர்களை வேறு என்னவென்று சொல்வது? யாரும் யாரையும் ஒத்துக்கொள்ள வைத்ததில்லை.

மறுநாள் மத்தியானம் இசைவாணி வந்தாள். அவள் அந்தச் செட்டில் கிளாரினெட். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்திருந்தாள்.

"அத்த, ஒண்ணு கேக்கணும். கோட்டு எப்படிச் சொல்லிருக்காரு? பெட்டியா, வீடா?"

சவரியம்மாளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "மூணு சைஸ்" என்றாள்.

இசைவாணி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "பாண்டிச்சேரியில ஒரு ஸ்கூல்ல பேண்டு மாஸ்டர் வேலை வந்திருக்கு அத்த. நான் இன்னும் பதில் சொல்லல. இது பேண்டுன்னா இங்கயே இருந்துடுவேன். வெறும் பார்ட்டின்னா எதுக்கு இருக்கணும்? ஒம்பது பேர்ல அஞ்சு பேருக்கு இதே யோசனைதான். பெட்டியிலேருந்து கோட்டு வந்துச்சுன்னா, தேரோட முடிச்சிக்கிறதுன்னு பேசி வச்சிருக்கோம்."

"அவருகிட்ட நேரா கேக்க வேண்டியதுதான?"

"எப்படி அத்த? அவ்ளோ பெரிய ஆளு. கேட்டா, 'ஏம்மா, கோட்டுலயா இருக்கு வாசிப்பு'ம்பாரு. அதுக்கு என்ன சொல்றது?"

சவரியம்மாள் துணிக்கட்டைப் பார்த்தாள். "இன்னும் கத்திரி வைக்கல. ஆளப் பாக்காம நான் வெட்டுறதில்ல. எப்ப கூடுவீங்க?"

"வியாழக்கிழம சாயங்காலம். ரைஸ் மில்லு குடோன்ல. சார் இருக்க மாட்டாரு, சென்னையில ஏதோ கல்யாணம்."

வியாழக்கிழமை டேப்பையும் நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு சவரியம்மாள் கீரப்பாளையம் பஸ் ஏறினாள். குடோனுக்குள் தவிட்டு வாசனை. எட்டுப் பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சங்கீதம் பற்றி அவளுக்கு அபிப்பிராயம் எதுவும் கிடையாது, கைகளைத்தான் பார்த்தாள். நடுவில் ஒரு பையன் தவறி நின்றுவிட்டான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. சின்ன டிரம் அடிக்கும் அருண்பாண்டியன் மட்டும் குச்சியால் டிரம்மின் இரும்பு விளிம்பில் டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தான். அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு பையன் மறுபடி வாசிப்புக்குள் வந்து சேர்ந்தான்.

முடிந்ததும் சவரியம்மாள் எழுந்தாள். "ஊர்வலத்துல நிக்கிற மாதிரி நில்லுங்க. கோட்டோட அடி மடிப்பு ஒரே நேரா வரணும். யார் பக்கத்துல யாருன்னு பாக்கணும்."

மூன்று மூன்றாக மூன்று வரிசை நின்றார்கள். கடைசி வரிசையின் நடுவில் மட்டும் ஆள் இல்லை.

"அங்க ஏன் சந்து? நெருங்கி நில்லுங்கப்பா."

"அது ராஜ்கமல் அண்ணன் எடம்" என்றான் அருண்பாண்டியன். "பெரிய கொழல் அவருதான். பிச்சாவரத்துல படகு வலிக்கிறாரு. இன்னிக்கி ஏதோ காலேஜ் டூராம், கூட்டம் ஜாஸ்தி."

"அவுருதான் வரலையே. எனக்கு உயரம் பாத்தாப் போதும்."

"இருக்கட்டும் அத்த. நீங்க பாருங்க."

வாசிப்பில் தவறிய பையன் விளையாட்டாக அந்த இடத்தில் போய் நின்றான். "டேய், வெளிய வாடா!" என்று நாலு பக்கமிருந்தும் சத்தம் வந்தது. "உன்ன மாதிரி மூணு பேரு வேணும்டா அந்த எடத்துக்கு." அவன் சிரித்துக்கொண்டே தன் இடத்துக்குத் திரும்பினான். இடம் காலியாகவே இருந்தது.

சவரியம்மாள் டேப்பைக் கழுத்தில் போட்டபடி அந்தக் காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கூலிக்கு வந்த ஆட்கள் எத்தனையோ பேரை அவள் வரிசையில் நிறுத்தியிருக்கிறாள். ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் தன்னால் நெருங்கி நின்றுவிடுவார்கள். யாரும் சொல்ல வேண்டியிருக்காது. பிறகு ஒவ்வொருவரையும் வாத்தியத்தைத் தூக்கச் சொல்லி, தோள், மார்பு, கை, முழங்கை மடக்கு என்று எட்டுப் பேருக்கும் அளவெடுத்தாள். ராஜ்கமலைக் கடைக்கு வரச்சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வந்தார். துடுப்பு வலித்து விரிந்த தோள். டேப்பை இரண்டு தடவை வைத்துப் பார்த்துத்தான் எண்ணை நம்பினாள்.

வீட்டில் சின்னையனிடம் அந்தக் காலி இடத்தைப் பற்றிச் சொன்னாள். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நெசமாவா? எந்த வரிசை?"

"மூணாவது. நடுவுல."

"ம்" என்றவர், திரும்பத் தேய்க்க ஆரம்பித்தார்.

வெட்டுவதற்கு முன்னால் வைத்திலிங்கத்துக்குப் போன் செய்தாள். மறுமுனையில் வேறொரு கல்யாண மண்டபத்து இரைச்சல். ஆளுக்கு அளவெடுத்திருக்கிறேன், அப்படியே வெட்டட்டுமா என்று கேட்டாள். "நீ பாத்துச் செய் தங்கச்சி, உனக்குத் தெரியாததா!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். அவர் காதில் பாதிகூட விழவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வெட்டினாள். தொழிலுக்கு வந்த இத்தனை வருஷத்தில் கொடுத்தவர் சொன்னதை மீறிக் கத்திரி வைத்தது அதுதான் முதல் தடவை.

தேருக்கு ஆறு நாள் இருக்கும்போது வைத்திலிங்கம் வந்தார். கம்பியில் ஒன்பது கோட்டும் தொங்கின. காஜா எடுப்பதும் ஜரிகையும்தான் பாக்கி. ஒன்றை எடுத்தார், இன்னொன்றை அதன்மேல் வைத்துப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல?"

"ஆளு மாதிரி ஆளு இல்லையேண்ணே."

"நான் மூணு சைஸுதான சொன்னேன்? நாளைக்கு ஒருத்தன் வரலன்னா வேற ஆளுக்கு எப்படி மாட்டுறது? இந்தா, இது எவனுக்குச் சேரும்? கப்பலுக்குப் பாய் தச்ச மாதிரி இருக்கு."

"ராஜ்கமலுக்கு."

"அவன் வரலன்னா?"

"அவருக்குப் பதிலா யாரும் போட மாட்டாங்க."

வைத்திலிங்கம் கோபப்படுகிறவர் இல்லை. கோட்டைத் திரும்ப மாட்டிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உனக்குப் புரியல தங்கச்சி. இருவத்திரண்டு வருஷம் நான் எப்படி வாசிச்சேன் தெரியுமா? காலையில போன் வரும். போவேன், வாசிப்பேன், வந்துடுவேன். பக்கத்து நாற்காலியில யாருன்னு பேரு தெரியாது. எனக்குக் காய்ச்சல்னா என் நாற்காலியில வேற ஆளு. பாட்டு நிக்காது. யாருக்கும் ஒரு குறையும் தெரியாது. தொழில்னா அதுதான். ஆள நம்பி செட்டு நடத்துனா, ஆளு போற அன்னிக்கி செட்டும் போயிடும்."

இஸ்திரி மேஜையிலிருந்து சின்னையன் பேசினார். ஊர் திரும்பிய மூன்று வருஷத்தில் வைத்திலிங்கத்திடம் அவர் நேராகப் பேசியது மிகக் குறைவு.

"உன் எடத்துல நாங்க ஆளு போடல மச்சான்."

"எப்ப?"

"நீ சென்னைக்குப் போன வருஷம். ரெண்டாவது வரிசை, வலது ஓரம். வருஷம் பூரா அத வுட்டுட்டுத்தான் நடந்தோம். பல்லு வுழுந்த வாய் மாதிரி இருக்கேய்யான்னு தெருவுல கேட்டாங்க. அடுத்த தேருக்குத்தான் வரிசைய மாத்துனோம். அதுவும் சண்ட போட்டு."

வைத்திலிங்கம் ஸ்டூலோடு இஸ்திரி மேஜைப் பக்கம் திரும்பினார். "யாரும் என்கிட்ட சொல்லலையே."

"சொன்னா? ரெக்கார்டிங்க வுட்டுட்டு ஓடி வந்திருப்பியா?"

"வந்திருக்க மாட்டேன்" என்றார் வைத்திலிங்கம்.

"அதான் சொல்லல." சின்னையன் ஈரத்துணியைப் பிழிந்தார். "இப்ப உன் புள்ளைங்களும் அப்படித்தான் நிக்குதாம். நீ இல்லாத அன்னிக்கி இவ பாத்துட்டு வந்தா. அந்தப் படகுக்காரருக்கு எடம் வுட்டு நின்னுதாம். ஒரு பையன் வெளயாட்டுக்கு உள்ள போனதுக்கு அந்தச் சத்தம் போட்டுதாம்."

வைத்திலிங்கம் சவரியம்மாளைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். அவர் எதையோ கேட்க வாயெடுத்து நிறுத்தினார். பிறகு கேட்டேவிட்டார்.

"நானும்தான அன்னிக்கி இல்ல. எனக்கு எடம் வுட்டாங்களா?"

அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் பார்க்காததை எப்படிச் சொல்வது?

"இல்லண்ணே. நீங்க வரிசையில எங்க நிக்கிறீங்க? வெள்ள சூட்டுல முன்னாடியில்ல நிக்கிறீங்க. வரிசையில நிக்கிறவங்களுக்குத்தான எடம் வுட முடியும்?"

தெருவில் ஓர் ஆட்டோ ஹாரனை அடித்துக்கொண்டே போனது. வைத்திலிங்கம் கம்பியில் தொங்கிய ஒன்பது கோட்டுகளையும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். ஸ்டூலிலிருந்து எழுந்து சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"சரி. என்னையும் அள."

மேஜைமேல் கிடந்த மரஸ்கேலை எடுத்து ட்ரம்பெட்டைப் போல உதட்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு முழங்கைகளைத் தூக்கினார்.

"இழுத்தா பழைய அளவுலேயே தச்சுடுவா, மச்சான். தொப்பைய உள்ள இழுக்காத" என்றார் சின்னையன்.

"இழுக்கலய்யா. இவ்வளவுதான் இருக்கு."

"முதுகுல உங்க பேரு போடணுமாண்ணே?" என்று தோளை அளந்துகொண்டே கேட்டாள் சவரியம்மாள்.

"நான் போட்டுக்கிட்டா என் முதுகுல என் பேரேவா? வேணாம். அவுங்களக் கேளு. என்ன பேரு சொல்றாங்களோ போடு."

இசைவாணிக்குப் போன் போனது. அதன்பிறகு அரை நாள் வாட்ஸ்அப்பில் ஒன்பது பேரும் சண்டை போட்டார்கள். அலை, புயல், தென்றல் எல்லாம் வந்து போயின. கடைசியில் ராஜ்கமல், "எந்த ஊருன்னு கேட்டா என்ன சொல்லுவோமோ அதையே போட்டுட்டுப் போங்க, எனக்குப் படகு எடுக்கணும்" என்று எழுதியதோடு முடிந்தது. கீரப்பாளையம் பேண்டு.

பத்தாவது கோட்டுக்குத் துணி குறைந்தது. வைத்திலிங்கமே கடலூர் போய் எடுத்துவந்தார். சவரியம்மாள் அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்து, பழைய துணியை அதன்மேல் போட்டுப் பார்த்தாள்.

"இது வேற லாட்டு, சாயம் கொஞ்சம் மாறுது. நிழல்ல தெரியாது. தேரு பகல்ல கெளம்புது. மூணாவது தெருவுலயே காட்டிக் குடுத்துடும்."

சைஸ் கணக்குக்கு வாங்கிய துணியை ஆள் அளவுக்கு வெட்டியதில் துண்டுகள் மிச்சமிருந்தன. அவற்றைத் தரையில் பரப்பி, ஒரு காலைப்பொழுது முழுவதும் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். முன்பாகம் இரண்டும் முதுகும் கைகளும் அந்தத் துண்டுகளிலேயே தேறின. உள்மடிப்புக்கு மட்டும் புதுத் துணியை வைத்தாள். அது வெளியே தெரியாது.

"இவ்ளோ செஞ்சதுக்கு இப்ப ஒத்துக்குவீங்களா, பேண்டுதான்னு?" என்று காஜா எடுத்துக்கொண்டே கணவரைக் கேட்டாள்.

"பேண்டுதான். யாரு இல்லன்னு சொன்னா?" சின்னையன் பத்தாவது கோட்டின் தோளை மரக்கட்டையில் வைத்து ஆவியில் அழுத்தினார். "ஆனா விடிவெள்ளி வேற."

தேருக்கு முந்தின நாள் மத்தியானம் பத்துப் பேரும் வாத்தியங்களோடு கடைக்கு வந்தார்கள். உள்ளே இடமில்லாமல் சந்தில் நின்றார்கள். சவரியம்மாள் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். மாட்டச் சொல்லி, வாத்தியத்தைத் தூக்கச் சொல்லி, முதுகுப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேரைச் சொன்னாள். அருண்பாண்டியனின் பொத்தான் ஒன்றை அங்கேயே நகர்த்தித் தைத்தாள். ராஜ்கமல் குழலைத் தூக்கி இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "படகுக்கே போட்டுட்டுப் போலாம் போலிருக்கே" என்றார்.

இசைவாணி தன் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்தபடி வைத்திலிங்கத்தின் முன்னால் போய் நின்றாள்.

"சார், இது வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?"

"என்ன ஏம்மா கேக்குற? உன் கோட்டு."

அவள் தலையாட்டிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு சந்தின் முனைக்குப் போனாள். "இல்ல மேடம், வேற ஆளப் பாத்துக்குங்க. ஆமா மேடம், இங்க பேண்டுல இருக்கேன்" என்று அவள் பேசுவது கடைக்குள் கேட்டது.

கம்பியில் ஒன்று மீதமிருந்தது. சவரியம்மாள் அதை எடுத்து, தோளில் ஒட்டியிருந்த ஒரு நூலைக் கிள்ளிப் போட்டாள். மற்றவர்களைக் கூப்பிட்ட அதே குரலில், அண்ணன் என்று சேர்க்காமல், "வைத்திலிங்கம்" என்றாள். வரிசையின் கடைசியில் நின்றிருந்தவர் ட்ரம்பெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்து இரண்டு கைகளையும் நீட்டினார். அவற்றின்மேல் கோட்டை வைத்தாள்.